பினாங்கு வரைபடம் சொல்லும் வரலாறு

ஒரு நாட்டை மாநிலம், மாவட்டம், நகரம் என்று பிரிப்பது அலுவலக வசதிக்காக மட்டும்தானா? பினாங்கின் 200 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் புரட்டினால், எல்லைக்கோடு நகர்ந்தபோதெல்லாம் மக்களின் உரிமையும் சேர்ந்தே நகர்ந்திருப்பது தெரியும்.

1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபோது, தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது. சயாமிடமிருந்து கம்பெனி தம்மைக் காக்கும் என்று சுல்தான் நம்பினார். அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. தீவை மீட்கும் முயற்சியும் தோற்றது. 1791 உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி தரக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 1800இல் எதிர்க்கரையும் கைமாறியது. தொகை 10,000 வெள்ளியானது. வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் பெற்ற அந்தக் கரைதான் இன்றைய செபராங் பிறை.

இந்தியாவின் நான்காம் மாகாணம்

தமிழர்கள் அறிய வேண்டிய கட்டம் இதுதான். 1805இல் வங்காளம், சென்னை, பம்பாய் வரிசையில் பினாங்கும் ஒரு மாகாணமாக உயர்த்தப்பட்டது. 1826இல் மலாக்காவும் சிங்கப்பூரும் அதனுடன் இணைக்கப்பட்டு, நீரிணைக் குடியேற்றங்கள் உருவாயின. 1830இல் மாகாணத் தகுதி போனது. 1832இல் தலைமையிடமும் சிங்கப்பூருக்குப் போனது. ஆயினும் 1867 வரை ஆட்சி கல்கத்தாவுக்கு உட்பட்டே நடந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் கடல் கடந்தாலும், இந்திய ஆட்சியின் எல்லையைக் கடக்கவில்லை.

1867 ஏப்ரல் 1ஆம் தேதி நிர்வாகம் லண்டன் காலனி அலுவலகத்திடம் சென்றது. அன்று முதல் பினாங்கு, இந்தியச் சட்டத்தின் பார்வையில் வெளிநாடு. கப்பலும் அதே, கடலும் அதே. தோட்ட வேலைக்கு வந்த தமிழரின் பயணம் மட்டும் குடியேற்றச் சட்டச் சிக்கலில் மாட்டியது. 1872இல் இந்தியாவில் தனிச் சட்டம் வந்த பிறகே அச்சிக்கல் நீங்கியது.

வாக்குரிமை வந்ததும் போனதும்

1946இல் நீரிணைக் குடியேற்றங்கள் கலைக்கப்பட்டு, பினாங்கு மலாயன் யூனியனில் சேர்க்கப்பட்டது. 1948இல் மலாயாக் கூட்டரசு அமைந்தது. அதிலிருந்து பிரிய வேண்டும் என்ற தீர்மானம் 1949இல் பினாங்கு மன்றத்தில் 10க்கு 15 என்ற வாக்குகளில் தோற்றது.

1951 டிசம்பரில் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தலை ஜார்ஜ்டவுன் கண்டது. 1957 ஜனவரி 1ஆம் தேதி அது மாநகரானது. ஆனால் இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965இல், நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. தேர்தலை மீட்கப் பினாங்கு 2012இல் சட்டம் இயற்றியது; மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்று மாநிலத்தில் 5 மாவட்டங்களும், தீவுக்கும் செபராங் பிறைக்குமாக 2 மாநகர் மன்றங்களும் உள்ளன. நில விவகாரம் என்றால் மாவட்ட நில அலுவலகம். மதிப்பீட்டு வரி, குப்பை, கால்வாய் என்றால் மாநகர் மன்றம். பள்ளிக்கூடமும் காவல்துறையும் கூட்டரசின் பொறுப்பு. எந்தக் குறையை எந்தக் கதவில் தட்டிச் சொல்வது என்று தெரிந்திருப்பது குடிமகனின் முதல் பலம். அந்தக் கதவைத் திறப்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, மாநகர் மன்றத்தைப் பொறுத்தவரை, 1951இல் இருந்த அளவுக்குக்கூட இன்று இல்லை.