தீர்ப்புக்கு முந்தைய தணிக்கை: குஷ்பு வழக்கு (2005–2010)

2005 செப்டம்பரில் 'இந்தியா டுடே' இதழ் பாலியல் மனப்பான்மை குறித்து வெளியிட்ட கருத்தாய்வில், திருமணத்திற்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு கூறிய கருத்து இடம்பெற்றது. அது தமிழ்ப் பெண்களை இழிவுபடுத்துவதாகக் கூறி, பெரும்பாலும் தமிழகத்திலேயே, 23 குற்றவியல் முறையீடுகள் தொடுக்கப்பட்டன. அவற்றை நீக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் மறுத்தது.

2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அனைத்தையும் நீக்கியது. அதற்கான காரணங்களுள் இரண்டு முதன்மையானவை. அவதூறு வழக்கைப் பாதிக்கப்பட்டவரே தொடுக்க இயலும். முறையீட்டாளர்கள் அத்தகையோர் அல்லர். மேலும், மணமாகாத வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று. சமூக ஒழுக்கம் குறித்த பெரும்பான்மைக் கருத்து மட்டுமே ஒரு செயலைக் குற்றமாக்கிவிடாது. ஆகவே அதுபற்றிக் கருத்துரைத்தலும் அரசமைப்பின் 19(1)(அ) உறுப்பின் காப்புக்குரியதாகிறது.

ஆயினும் இத்தீர்ப்பு கிட்ட ஐந்தாண்டுகள் தேவைப்பட்டன. அக்காலம் முழுவதும் வழக்கு நடைமுறையே தண்டனையாக நின்றது. 2015 சனவரியில் 'மாதொருபாகன்' நாவலுக்கெதிரான போராட்டங்களையடுத்துப் பெருமாள்முருகன் எழுத்தைத் துறந்தபோது வழக்கின் தீர்ப்புகூடத் தேவைப்படவில்லை. அதிகாரிகள் முன்னிலையில் நடந்த அமைதிப் பேச்சே போதுமானதாயிற்று. அவ்வுடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என உயர் நீதிமன்றம் 2016 சூலை 5இல் தெளிவுபடுத்தியது. தணிக்கையைத் தடைச்சட்டங்களில் மட்டும் தேடும் ஆய்வு, இவ்விரு நிகழ்வுகளையும் தவறவிட்டுவிடும்.