பழைய ஆஸ்டினும் கைவிடப்பட்ட ஓடுதளமும்: சிக்கனத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

கார் பந்தயம் என்றாலே நம்மவர்களுக்கு முகம் சுளிக்கும். பணக்காரப் பிள்ளைகள் பெட்ரோலை எரிக்கிற சமாச்சாரம், இதில் எழுத என்ன இருக்கு என்பார்கள். ஓரளவு சரிதான். ஆனால் அந்த வரலாற்றுக்குள்ளேயே வேறொரு வரலாறும் இருக்கிறது. புதுசு வாங்க வக்கில்லாதவர்கள் பழைய வண்டியைப் பிரித்து, மாற்றி, தடத்தில் ஓட்டிய வரலாறு. ஒரு பொருளைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் யாருக்கு உரிமை என்கிற கேள்வி அதில் ஒளிந்திருக்கிறது.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 1907இல் புரூக்லாண்ட்ஸ் என்ற தடம் திறக்கப்பட்டது. ஒரு நிலக்கிழார் தன் சொந்த நிலத்தில் போட்ட கான்கிரீட் வளையம் அது. ‘சரியான கூட்டம், நெரிசல் இல்லை’ என்பது அதன் விளம்பர வாசகம். யார் சரியான கூட்டம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேகம் என்பது உடைமை சார்ந்தது, அதைப் பார்ப்பதற்கும்கூட ஒரு தகுதி வேண்டும் என்பதை அந்த வாசகம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. 1939இல் போர் வந்ததும் பந்தயம் நின்றது. விமானத் தொழிற்சாலைகள் இடத்தை எடுத்துக்கொண்டன. பிறகு அங்கே பந்தயம் திரும்பவே இல்லை.

அதே போர் இன்னொன்றையும் செய்தது. குண்டுவீச்சு விமானங்களுக்காக நாடு முழுக்க ஓடுதளங்களைப் போட்டது. போர் முடிந்ததும் அவை அனாதையாகக் கிடந்தன. சில்வர்ஸ்டோன் 1943இல் திறந்த விமானப்படைத் தளம். 1948 அக்டோபரில் அங்கே பிரிட்டிஷ் கிராண்ட் பிரி நடந்தது. குட்வுட்டிலும் அதே ஆண்டு விமானத்தளத்தின் சுற்றுச்சாலை பந்தயத் தடமாயிற்று. போருக்காகப் பறந்த விமானங்களின் கான்கிரீட் அது என்பதை மறந்துவிட்டு இதைக் கொண்டாட முடியாது. ஆனாலும் புரூக்லாண்ட்ஸின் வேலிக்கு வெளியே தடம் வந்துவிட்டது என்பதும் உண்மை.

இடம் கிடைத்தது. வண்டி? அதற்கு ஆஸ்டின் செவன் இருந்தது. 1922இல் வந்த குட்டிக் கார். அதை வரைந்ததில் பெரும்பங்கு ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வரைவாளருடையது. வண்டியின் பெயரில் நின்றதோ முதலாளி ஹெர்பர்ட் ஆஸ்டின். 747 சிசி எஞ்சின், 1939 வரை ஏறக்குறைய 2,90,000 வண்டிகள். போருக்குப் பின் இவை பழைய இரும்புக் கடை நிலைக்கு வந்திருந்தன. 1939இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப்பைச் சுற்றி இவற்றைத் திருத்தி ஓட்டுகிறவர்கள் கூடினார்கள்.

அவர்கள் கண்ட பாடம் எளிமையானது. கையில் இருக்கிற காசை முதலில் எஞ்சினில் போடாதே. பெரும்பாலான ஆஸ்டின் செவன்களின் கிராங்க் தண்டை இரண்டே பேரிங்குகள் தாங்கின. எண்ணெயும் முழு அழுத்தத்தில் போகாது. அதை விரட்டினால் உடையும். ஆகவே முதலில் எடையைக் குறை: கனத்த பாடியைக் கழற்றிவிட்டு அலுமினியத் தகடோ ஒட்டுப்பலகையோ வை. அப்புறம் ஸ்பிரிங்கைத் தாழ்த்து. கேபிளில் இயங்கும் பிரேக்கைச் சரிசெய், நல்ல டயர் போடு. கடைசியில்தான் எஞ்சின். இன்றும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் குறைந்த செலவில் தடத்துக்குத் தயார் செய்கிறவர்கள் இதே வரிசையைத்தான் பேசுகிறார்கள். நிறுத்தத் தெரியாத வேகத்தால் என்ன பயன்?

கோலின் சாப்மன் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொறியியல் மாணவர். 1928ஆம் ஆண்டு ஆஸ்டின் ஒன்றை, காதலி ஹேசல் வில்லியம்ஸ் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் வைத்துத் திருத்தி 1948இல் முடித்தார். 1952இல் லோட்டஸ் கம்பெனி தொடங்க 25 பவுன் கொடுத்ததும் ஹேசல்தான். வீரர்களின் வரலாற்றில் இது ஓரக் குறிப்பாகத்தான் வரும்.

1951இல் சாப்மன் ஒரு வேலை செய்தார். ஆஸ்டின் எஞ்சினில் நாலு சிலிண்டருக்கு இரண்டே உள்வாய்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும். நடுவே தகடு வைத்துப் பிரித்து அதை நாலாக்கிவிட்டார். அந்தப் பருவத்தில் அவரை யாரும் நெருங்க முடியவில்லை. கிளப் என்ன செய்தது? அந்த உத்தியைத் தடை செய்தது.

திறமையைத் தண்டித்தார்கள் என்று இதை வாசிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 750 ஃபார்முலா என்கிற விதித்தொகுப்பில் சிக்கனம் ஓர் இல்லாமை அல்ல, எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட சட்டம். ஒருவன் முந்தினால் மற்றவர்களும் செலவு செய்தாக வேண்டும். செலவு கூடினால் பாதிப்பேர் வெளியே. புரூக்லாண்ட்ஸ் கூட்டத்தை வடிகட்டியது. இவர்கள் செலவை வடிகட்டினார்கள். இரண்டும் விலக்கல்தான், ஆனால் யாரை உள்ளே வைக்க என்பதில் இருக்கிறது அரசியல்.

சாப்மன் வேறு திசையில் போனார். 1957இல் வந்த லோட்டஸ் செவனை உதிரிபாகங்களாகவும் விற்றார். முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களுக்கு இல்லை. வாங்கியவன் தன் கொட்டகையில் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்த லாபம் போயிற்று. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போனது. கொட்டகை அறிவு இப்படியாகப் பெட்டியில் அடைத்து விற்கும் சரக்கானது.

நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரம் ஓடுதளமும் இரண்டாம் உலகப்போரின் மிச்சம்தான். 1953இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். கிடைத்தவை ஃபியட், ஹெரால்ட் போன்ற சில வண்டிகள்தான். அவற்றையே இழைத்து ஓட்டினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. ஆனால் இங்கே ஓட்டுகிறவனும் திருத்துகிறவனும் பெரும்பாலும் ஒரே ஆளல்ல. ஸ்டியரிங்கில் ஒரு வர்க்கம், வண்டிக்கடியில் இன்னொன்று. கோப்பையில் பொறிக்கப்படுவது யார் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. கையால் செய்வதைத் தாழ்வென்று வைத்திருக்கிற சமூகத்தில் சிக்கனம்கூட ஜனநாயகமாகிவிடாது.

இன்றைய கார்களில் எஞ்சினை ஆள்வது கம்பெனி பூட்டிவைத்த கணிப்பொறி. ஸ்பானர் மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும். பழைய வண்டியை ஒருவன் இன்னமும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதை வெறும் பழமை மோகம் என்று தள்ளிவிட முடியவில்லை. அவனால் திறக்க முடிகிற பொருள் அது ஒன்றுதான்.