திரிங்காப்பின் மேல்மண்: கேமரன் மலையின் நிலப் பயன்பாட்டு வரலாறு

கேமரன் மலையின் வரலாறு பெரும்பாலும் அங்கு வந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நிலத்தை அளந்தவர், சாலை அமைத்த அரசு, தோட்டம் திறந்த துரைமார் என அது வரிசைப்படும். அம்மலையை விட்டுப் போனவற்றுள் முதன்மையானது அதன் மேல்மண். பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையிலுள்ள திரிங்காப்பை முன்னிறுத்தி, அம்மண் எவ்வாறு போயிற்று என்பதை இவ்வுரை ஆராய்கிறது.

1885இல் அரசாங்க நில அளவையர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைப் பற்றி அறிவித்தார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இப்பகுதியில் வாழ்ந்த செமாய்ப் பழங்குடியினர், காட்டின் சிறு பகுதிகளைத் திருத்தி விதைத்துச் சில பருவங்களுக்குப் பின் நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிடும் வழக்கமுடையவர்கள். 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் பார்வையிட்ட பின்னர் மலைவாழிடத் திட்டம் உருப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து சாலை தானா ராத்தாவை எட்டியது.

இங்குள்ள மண்ணில் பெரும்பகுதி கருங்கற்பாறை சிதைந்து உருவானது. ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டரைத் தாண்டும். இத்தகைய மழை சுண்ணாம்பு, சாம்பல் முதலிய சத்துகளைக் காலங்காலமாகக் கரைத்துச் செல்வதால் வெப்பமண்டல மலைமண் அமிலத்தன்மை மிக்கதாகிறது. அதன் வளம் இலைமட்கு கலந்த மெல்லிய மேலடுக்கிலேயே தங்குகிறது. உயர்ந்த காட்டைக் கண்டு மண்ணும் வளமானதென்று எண்ணுவது எளிது. ஆனால் சத்து மரத்துக்கும் மட்குக்கும் இடையே ஓயாது சுழன்றுகொண்டிருந்ததே அக்காட்டின் செல்வம். மரம் வீழ்ந்தால் அச்சுழற்சியும் அறும்.

தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிராதலால் இம்மலைக்குப் பொருந்தியது. எனினும் காட்டை அழித்துக் கன்று நடும் தொடக்க ஆண்டுகளில் சரிவு வெறுமையாகக் கிடக்கும். இதன் தீங்கை இலங்கை முன்பே கண்டிருந்தது. அங்கே காப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் புல்லொன்றும் இல்லாத நிலமே ஒழுங்கான நிலமாகக் கருதப்பட்டது. கட்டளைப்படி களையெடுத்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பே மண்ணை மழைக்குத் திறந்து வைத்தது. அரிப்பு பெருகியது, 1951இல் இலங்கை மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது.

செடிகள் வளர்ந்து நிலத்தை மூடியதும் நிலை மாறுகிறது. இலைப்பரப்பு மழைத்துளியின் வேகத்தைத் தாங்குகிறது. கவாத்துச் செய்த கிளைகள் கீழேயே மட்குகின்றன. சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள் ஓடும் நீரைத் தணிக்கின்றன. கவாத்து, கான் வெட்டுதல் என்பன தேயிலைத் தோட்டத் தமிழ் வழங்கும் சொற்கள்; மண்ணைக் காக்கும் வேலைகளின் பெயர்களும் அவையே. பறித்த கொழுந்தை நாள்தோறும் நிறுத்தார்கள். காத்த மண்ணை எவரும் நிறுக்கவில்லை.

காய்கறிப் பயிர் வேறொரு பாதையில் வளர்ந்தது. 1930களில் சீன உழவர் தொடங்கிய இச்சாகுபடி, அவசரகாலத்தில் புதிய வடிவம் பெற்றது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் சிதறி வாழ்ந்தோர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். திரிங்காப்பும் அவற்றுள் ஒன்று. கோசும் தக்காளியும் சமவெளி நகரங்களுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. ஆண்டுக்குப் பலமுறை பயிர் மாறும். ஒவ்வொரு முறையும் நிலம் வெறுமையாகும். பின்னாளில் மண்வாரி இயந்திரங்கள் சரிவுகளை வெட்டிச் சமப்படுத்தியபோது மேல்மண் விலகி அடிமண் வெளிப்பட்டது. அந்த இழப்பைச் சுண்ணாம்பாலும் கோழி எருவாலும் இரசாயன உரத்தாலும் ஈடுசெய்தனர். எஞ்சிய உரம் ஓடைகளில் கலந்தது.

இதற்கு உழவரின் அறியாமையைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. தேயிலைத் தோட்டம் நீண்டகாலக் குத்தகையில் நிற்பது; ஐம்பது ஆண்டு வாழும் செடிக்காகக் கான் வெட்டுவது அதற்கு இலாபம். காய்கறி உழவர் பலர் நெடுங்காலம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் பயிரிட்டவர். அடுத்த ஆண்டு தமக்கு உறுதியில்லாத நிலத்தில் கற்சுவர் எழுப்பவும் படிநிலம் அமைக்கவும் யார் முதலிடுவர்?

விளைவு முன்கூட்டியே அறியப்பட்டிருந்தது. மத்திய மின்சார வாரியத்துக்காக ஷாலோ என்பவர் 1956இல் வெளியிட்ட ஆற்றுநீர் ஆய்வு, ஒரு சதுர கிலோமீட்டரிலிருந்து ஆண்டுதோறும் அடித்துச் செல்லப்படும் வண்டலை மதிப்பிட்டது. காட்டில் 24.5 கன மீட்டர், தேயிலையில் 488, காய்கறியில் 732 என்பது அம்மதிப்பீடு. காட்டைவிடத் தேயிலை நிலம் ஏறத்தாழ 20 மடங்கும், காய்கறி நிலம் 30 மடங்கும் மண்ணை இழந்தன. தேயிலையின் பசுமையை மட்டும் கண்டு அதைக் காட்டுக்கு நிகராக்க முடியாது என்பதையும் இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1963இல், கேமரன் மலை நீர்மின் திட்டம் நிறைவெய்தியது. வடக்கிலுள்ள தெலோம் ஆற்றின் நீர் சுரங்கவழி பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பப்பட்டு ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைந்தது. நீருடன் தெலோம் வடிநிலத்து வயல்களின் மண்ணும் வந்தது. சுமார் 63 இலட்சம் கன மீட்டர் கொள்ளும் அத்தேக்கத்தில் வண்டலுக்கென ஒதுக்கிய இடம் எதிர்பார்த்ததைவிட விரைவில் நிரம்பியது. மண்ணைத் தூர்வாரும் செலவு இன்றும் தொடர்கிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் பெருமழையின்போது சுல்தான் அபுபக்கர் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது, உயிர்கள் பலியாயின. வண்டல் தேக்கத்தின் கொள்ளளவைக் குறைத்திருந்தது. குடியிருப்புகளும் ஆற்றை நெருங்கியிருந்தன.

பரிகாரமும் அறியப்படாததன்று. 2005இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, திறந்த காய்கறி நிலம் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 24 முதல் 42 டன் மண்ணை இழந்தது; மழைக்கூரையின்கீழ் இழப்பு 1.3 டன் மட்டுமே. ஆயினும் நெகிழிக் கூரையில் விழும் மழை மண்ணில் ஊறாமல் ஒருசேர ஓடைக்கு விரைகிறது. மேலே காத்த மண்ணுக்கு ஈடாகக் கீழே கரை அரிபடலாம்; வடிகால் இன்றிக் கூரை மட்டும் போதாது.

மலைச்சரிவைக் காக்க 1960ஆம் ஆண்டிலேயே நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அளவீடு இருந்தது, சட்டம் இருந்தது, தொழில்நுட்பமும் இருந்தது. நிலத்தை வைத்திருப்பவருக்கு நாளையைப் பற்றிய உறுதி மட்டும் இல்லாதிருந்தது. நிலத்தை ஓராண்டுக்குக் கொடுக்கும் ஆட்சி, அதில் ஓராண்டுக்கான அக்கறையையே எதிர்பார்க்க இயலும். திரிங்காப்பின் எஞ்சிய மேல்மண்ணைக் காக்க விரும்பினால், முதலில் திருத்த வேண்டியது அந்த உரிமத்தின் காலவரையறையையே.