விழுப்புரம் சந்திப்பில் ரயில் மாறிய இளைஞர்

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் போன மாதம் விக்கிரவாண்டி பஸ் ஸ்டாண்டில் நம் கல்லூரியின் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரைப் பார்த்தேன். கையில் பிளாஸ்டிக் ஃபைல். "இன்டர்வியூ என்னப்பா ஆச்சு?" என்றேன். "சொல்லி அனுப்புறோம்னாங்க சார். மூணு வாரம் ஆச்சு" என்றார். செஞ்சிக் கோட்டை எங்கும் போய்விடாது. நம்ம ஊர்ப் பக்கம் நடந்த ஓர் இன்டர்வியூவைப் பற்றி எழுதுகிறேன்.

1910 ஆம் ஆண்டின் பிற்பகுதி. கும்பகோணத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் விழுப்புரத்தில் இறங்கி, திருக்கோவிலூர் ரயிலுக்கு மாறினார். வயது 22. கல்யாணமாகி ஒரு வருடம் கடந்திருந்தது, சம்பாத்தியம் கிடையாது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறு பாடத்தைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தவர். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் 1907 இல் எஃப்.ஏ. தேறவில்லை. ஆக, தகுதி என்று சொல்லிக்கொள்ள மெட்ரிகுலேஷன் மட்டும். இன்றைய பாஷையில் சொன்னால் பயோடேட்டா சுத்தமாக எடுபடாது. கூடவே இருந்தவை கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள். அவர்தான் சீனிவாச இராமானுஜன்.

அவர் பார்க்கப் போனது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரை. இந்தியக் கணிதக் கழகத்தை 1907 இல் தொடங்கியவர் இவரே. இராமானுஜன் கேட்டது பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஏதாவது தாலுகா ஆபீசிலோ முனிசிபாலிட்டியிலோ ஒரு குமாஸ்தா வேலை. ஐயர் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, வேலை கொடுக்கவில்லை! ரெவின்யூ இலாகாவின் அடிமட்டத்தில் போட்டு இந்த மேதையை அமுக்கிவிட மனம் வரவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

வீட்டில் காத்திருப்பவர்களிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது? "நீ ரொம்பத் திறமைசாலியாம், அதனால வேலை இல்லையாம்" என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் ஐயர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அந்த வழியில் கும்பகோணத்தில் முன்பு இராமானுஜனுக்கு ஆசிரியராக இருந்த பி.வி. சேஷு ஐயர், அவர் மூலம் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். குட்டையான, பருத்த, சவரம் செய்யாத உருவம், கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன என்று ராவ் பிறகு எழுதினார். முதல் சந்திப்பில் அவருக்குப் பிடிபடவில்லை. அதற்காகக் கதவைச் சாத்தவும் இல்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார். கடைசியில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சாப்பாட்டுக் கவலையில்லாமல் கணக்குப் போட வேண்டும் என்பதுதான் பதில். ராவ் மாதம் 25 ரூபாய் தன் கைப்பணத்திலிருந்து கொடுத்து வந்தார்.

இன்னொருவர் பணத்தில் உட்கார்ந்து சாப்பிட இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 ஜனவரியில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலை; சில வாரங்களில் அதுவும் முடிந்தது. அந்த வேலையில் இருக்கும்போதே, பிப்ரவரி 9 ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். மார்ச் 1 முதல் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. திருக்கோவிலூரில் கேட்ட அதே குமாஸ்தா வேலைதான், ஒரு வருடத்துக்கு மேல் அலைந்த பிறகு! ஆனால் அங்கே மேலதிகாரி எஸ். நாராயண ஐயரும் கணிதக் கழகத்துக்காரர். இராமானுஜனின் முதல் கட்டுரை 1911 இல் அந்தக் கழகத்தின் இதழில்தான் வந்திருந்தது. அந்தக் குமாஸ்தா நாற்காலியில் இருந்த காலத்தில்தான் 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இதை எழுதும்போது ஒரு பழைய நாள் குறுக்கே வருகிறது. ஓர் அலுவலகத்தில் தற்காலிகப் பணிக்கு ஆள் எடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். திண்டிவனம் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். ஆங்கிலத்தில் கேட்டதற்குத் திக்கினான். ஆனால் சுற்றுவட்டார ஏரி மதகுகளையெல்லாம் அளந்து படம் வரைந்த ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தான். அந்த வேலைக்கு அவன் பொருந்த மாட்டான். அது சரியான முடிவுதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த நோட்டைப் பார்த்தால் துள்ளிக் குதிக்கக்கூடிய ஒரு பேராசிரியர் பாண்டிச்சேரியில் இருந்தார், எனக்கு நன்கு பழக்கமானவர். ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கலாம். "தகவல் அனுப்புறோம் தம்பி" என்றேன். அதையும் அனுப்பவில்லை. பையன் பெயர்கூட இப்போது நினைவில்லை.

கூட்டத்தன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாமாண்டு மாணவர்கள் நம்மைச் சந்திக்க வருவதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் நம்மவர்கள் பாதிப்பேர் பஸ்ஸுக்குக் கிளம்புவது வழக்கம். இந்த முறை கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள். வருகிறவர்கள் கையில் ஃபைலோடு நோட்டும் இருந்தால் வாங்கிப் பாருங்கள். நான் வெள்ளைத் தாளும் சில கவர்களும் வாங்கி வருகிறேன்.