புத்தளத்தை வென்றது வாளா, பொறுமையா?

'போர்க்குடி' என்ற சொல் இப்ப முகநூலில் மலிஞ்சு போச்சு. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு கொடி, ஒரு வாள், பின்னணியில் ஒரு பாட்டு. எங்கட புத்தளம் கரையிலும் இந்தக் காய்ச்சல் இருக்கு. இங்க அதுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரு பழைய போர். சரி, அந்தப் போரையே எடுத்துப் பார்ப்போம்.

கதை வருவது 'முக்கர ஹட்டன' என்ற சிங்கள ஓலைச்சுவடியில். ஹியூ நெவில் என்ற ஆங்கில அதிகாரி சேர்த்த ஏடுகளில் அது ஒன்று. இன்றைக்கு அந்தத் தொகுப்பு லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கு. ஏட்டின்படி, புத்தளத்தை முக்குவர் கையில் வைத்திருந்தார்கள். அவர்களை விரட்ட பராக்கிரமபாகு என்ற அரசன் காஞ்சிபுரம், காவிரிப்பட்டினம், கீழக்கரையிலிருந்து 7,740 கரையார் வீரர்களை வரவழைத்தான். இவன் 1467 வரை கோட்டேயை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மூன்று மாதத்துக்குப் பிறகுதான் புத்தளம் கோட்டை விழுந்தது. படைத்தலைவர்களில் ஒருவனான மாணிக்கத் தலைவன் களத்திலேயே செத்தான். மிஞ்சியவர்களுக்கு அரசன் நிலமும் கொடியும் கொடுத்தான்.

ஒரு கரையோர ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய சண்டை? 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, 'பத்தாளா' என்ற ஊரில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததாக எழுதியிருக்கிறார். அது புத்தளம்தான் என்று பலர் கொள்கிறார்கள். கரையெல்லாம் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், அரசனிடம் இருந்த முத்துக்களையும் அவர் சொல்கிறார். இதோடு உப்பையும் சேர்த்துப் பாருங்க. இந்தக் கரையைப் பிடிச்சவன் கையில் வியாபாரம் இருந்தது.

அடுத்த கேள்வி: அரசனிடம் சொந்தப் படை இருக்கே, கடல் தாண்டி ஏன் ஆள் எடுக்கணும்? இதற்கு ஏட்டில் பதில் இல்லை. ஆனா வரைபடத்தை விரிச்சா ஒரு பதில் தெரியுது. புத்தளம் களப்பின் கிழக்குக் கரையில் ஊர். மேற்கில் கற்பிட்டித் தீபகற்பம் ஒரு மதில் மாதிரி நிற்கிறது. களப்பு கடலோடு சேர்வது வடக்கில். தரையில் எத்தனை ஆயிரம் பேரை நிறுத்தினாலும், தோணி ஓடும் வரைக்கும் கோட்டைக்குள் அரிசி போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த வழியை அடைக்க, முக்குவரைப் போலவே கடல் தெரிஞ்ச ஆட்கள் வேணும். கரையாரை அழைத்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அந்த மூன்று மாதம் எப்படிப் போயிருக்கும்? சினிமாவில் வருகிற மாதிரி தினமும் வாள்வீச்சு நடந்திருக்காது. முற்றுகை என்றால் பெரும்பாலும் காத்திருப்பு. காய்ச்சல், பசி, இராக்காவல், தண்ணிப் பஞ்சம். உள்ளே இருப்பவனுக்கும் அதேதான். திருக்குறளின் அதிகார வரிசையைப் பாருங்க: வலியறிதல், காலமறிதல், இடனறிதல் மூன்றும் 48, 49, 50. படைச்செருக்கு வருவது 78இல். எடை போடுவது முதலில், மார்தட்டுவது பிறகு. நாங்க இப்ப 78ஐ மட்டும் பிடிச்சுக்கொண்டு நிற்கிறோம்.

இன்னொன்றையும் கவனிக்கணும். கூலிப்படையை அழைத்தவன் கோட்டேயின் சிங்கள அரசன். வந்தவர்கள் தமிழ்நாட்டுக் கரையின் ஆட்கள். எதிரில் நின்ற முக்குவரும் வெளியாட்கள் இல்லை, இதே கடலின் மக்கள். இன்றைய இனக் கணக்கில் இந்தப் போரை எந்தப் பக்கம் எழுதுவது? அதே அரசனுக்காக 1450 அளவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவன் செண்பகப் பெருமாள், சிங்களத்தில் சப்புமல் குமாரயா. அவன் மாணிக்கத் தலைவனின் மகன் என்றும் ஒரு மரபு உண்டு.

தோற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஏட்டை மட்டும் வாசிச்சா அவர்களின் கதை அங்கேயே முடிஞ்சிரும். ஆனா 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, சுமார் நானூறு வருடம் கழித்து, புத்தளம், கற்பிட்டி முக்குவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பதினெட்டு வன்னியர் கூடி வழக்குத் தீர்க்கும் 'முத்திரைக்கூடம்' என்ற சபையும் அவர்களுக்கு இருந்திருக்கு. பிற்காலத்தில் அவர்களில் சிலர் இஸ்லாத்தையும் சிலர் கத்தோலிக்கத்தையும் தழுவினார்கள். தோற்றவர்கள் எங்கேயும் போகவில்லை.

வென்றவர்களின் வழி வந்தவர்களாகச் சொல்லப்படும் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய குடும்பங்கள் சிலாபம், நீர்கொழும்புப் பக்கம் இருக்கின்றன. பெரும்பாலானோர் இன்று சிங்களவர். நீர்கொழும்பு மீனவர் சிலர் வீட்டில் இன்னும் தமிழ் கதைக்கிறார்கள். ஆக, யாருடைய வெற்றிக்கு யார் கொடி பிடிக்கிறது?

துணிச்சல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாத களப்பில், தெரியாத மன்னனுக்காக மூன்று மாதம் நின்றதும் துணிச்சல்தான். உள்ளே பட்டினி கிடந்து தாக்குப் பிடித்ததும் துணிச்சல்தான். தோற்ற பிறகும் அதே கரையில் வலை வீசி, சபை கூட்டி வாழ்ந்தது அதைவிடப் பெரிய துணிச்சல்.

அடுத்த முறை யாராவது உங்களுக்குப் போர்க்குடிக் கொடி அனுப்பினால் ஒன்று மட்டும் கேளுங்க: அந்த ஏடு பெயர் சொல்லுவது தலைவர்களுக்கு மட்டும்தான். மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருத்தன் பெயராவது உனக்குத் தெரியுமா?