ஒரு ஹிட், ஓர் ஓட்டம், இரு தீர்ப்புகள்

விளையாட்டுச் செய்திகளில் ஸ்கோர் அட்டையையே நான் முதலில் படிப்பது வழக்கம். வென்றவர் யார் என்பதைத் தலைப்பே சொல்லிவிடும். யார் என்ன செய்தார் என்பதை அட்டைதான் சொல்லும். பேஸ்பால் ஆட்டத்துக்கு இத்தகைய அட்டையை வகுத்துத் தந்தவராகக் கருதப்படும் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பத்திரிகையாளர்; கிரிக்கெட் செய்திகளையும் எழுதியவர்.

அந்த அட்டையின் கீழே ஒவ்வோர் அணிக்கும் மூன்று எண்கள் இருக்கும்: ஓட்டங்கள், ஹிட்டுகள், பிழைகள். 1965 செப்டம்பர் 9-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் நடைபெற்ற ஆட்டத்தில் சிகாகோ கப்ஸ் அணியின் எண்கள் 0, 0, 1. டாட்ஜர்ஸ் அணியின் எண்கள் 1, 1, 0. இரு அணிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஹிட்!

டாட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் எதிர்கொண்ட 27 மட்டையாளர்களில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. அவர்களில் 14 பேர் ஸ்டிரைக் அவுட். இதனை 'பெர்ஃபெக்ட் கேம்' என்பார்கள். எதிரணியின் பாப் ஹெண்ட்லி 8 இன்னிங்ஸ் வீசி, ஒரே ஒரு ஹிட்டை மட்டுமே விட்டுக்கொடுத்தார்.

வியப்பு என்னவென்றால், அந்த ஹிட்டால் ஓட்டம் வரவில்லை. ஓட்டம் ஹிட்டால் வரவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் லூ ஜான்சன், மட்டைக்கு எட்டாத நான்கு பந்துகளின் பயனாக முதல் பேஸைப் பெற்றார். அடுத்து வந்த ரான் ஃபேர்லி பந்தை மெல்லத் தட்டித் தாம் ஆட்டமிழந்து, ஜான்சனை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஜான்சன் மூன்றாம் பேஸைத் திருட ஓடியபோது, கேட்சர் கிறிஸ் குரூக் எறிந்த பந்து இலக்குத் தவறிச் சென்றது. ஜான்சன் ஓடிவந்து ஓட்டத்தை முடித்தார். ஏழாவது இன்னிங்ஸில் அந்த ஒற்றை ஹிட்டை அடித்தவரும் அவரே. ஆனால், அப்போது ஓட்டம் கிடைக்கவில்லை.

இங்கேதான் பதிவேடு இரு தீர்ப்புகளை வழங்குகிறது. களத்தடுப்புப் பிழையால் வந்த ஓட்டம் பந்துவீச்சாளரின் சராசரியில் சேராது என்பது விதி. எனவே, ஹெண்ட்லியின் கணக்கில் அது பூஜ்யம். அதே தாளில் 'தோல்வி அடைந்த பந்துவீச்சாளர்' என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. ஒரு கட்டம் அவரைக் குற்றமற்றவர் என்கிறது. மறுகட்டம் தோல்வியை அவர் தலையில் சுமத்துகிறது.

இரண்டாவது தீர்ப்பை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; ஆட்டத்தில் ஒருவர் தோற்றுத்தான் ஆகவேண்டும். ஆனால், விளைவை ஒரு கட்டத்திலும் பொறுப்பை வேறொரு கட்டத்திலும் எழுதும் நேர்மை அந்தத் தாளுக்கு இருக்கிறது. மனிதரின் உழைப்பை மதிப்பெண்ணாலும் இலக்கு எண்ணாலும் அளக்கும் நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் முதல் கட்டம் மட்டுமே இருக்கிறது. தோல்வி யாருடையது என்று கேட்கிறோம். பிழை எங்கே நேர்ந்தது என்று எழுதிவைப்பதில்லை.

ஐந்து நாள்கள் கழித்து, செப்டம்பர் 14-ஆம் தேதி இவ்விருவரும் சிகாகோவில் மீண்டும் மோதினர். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் 2-1. வென்றவர் ஹெண்ட்லி.