ஐ.எஸ்.ஓ. ஆடிட்டரோடு மல்லுக்கட்டா? 'இவர் வேண்டாம்'னு சொல்லவும் விதியில் இடம் இருக்கு!

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என ரகம் பிரித்து விலை போகும். வியாபாரி ஒரு கிழங்கை உடைத்துப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடுவார். அதே மஞ்சளை அரைத்து, பாக்கெட் போட்டு ஏற்றுமதி செய்யணும்னா கதை வேற. பல வெளிநாட்டு நிறுவனங்கள் ஐ.எஸ்.ஓ. 22000 போன்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்கும். அதற்காக வருகிற வெளி ஆடிட்டர் கடுகடுன்னு பேசினால், சின்ன மில்லில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வதுதான் வழக்கம். "எதிர்த்துப் பேசினா சர்டிபிகேட் போயிடும்" என்ற பயம்.

அந்தப் பயம் பாதிக்கு மேல் தேவையில்லாதது.

சான்றிதழ் தருவது ஆடிட்டரா?

இல்லை. சான்றிதழ் நிறுவனங்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கே தனியாக ஒரு தரநிலை உண்டு. அதன் பெயர் ஐ.எஸ்.ஓ. 17021-1. தணிக்கைக்கு வந்தவரே சான்றிதழ் முடிவை எடுக்கக் கூடாது, வேறொருவர்தான் எடுக்க வேண்டும் என்கிறது அது.

வரப்போகும் ஆடிட்டரின் பெயரை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேட்டால் அவருடைய பின்னணியையும் தர வேண்டும். போட்டி மில்லுக்கு ஆலோசகராக இருந்தவர் என்பது போல நியாயமான காரணம் இருந்தால், ஆளை மாற்றித் தரச் சொல்லலாம். ஆனால் இதை ஆடிட்டர் வாசலில் வந்து இறங்கிய பிறகு சொன்னால் எடுபடாது.

'என்.சி.' போட்டால் என்ன கேட்கலாம்?

குறை என்று எழுதினால், எந்த விதி மீறப்பட்டது, அதற்கு ஆதாரம் என்ன என்ற இரண்டும் அதில் இருக்கணும். "சுத்தம் போதாது" என்று மட்டும் எழுதினால் அது குறையே ஆகாது. எந்த இடம், எந்தப் பதிவேடு, எந்தத் தேதி என்று மரியாதையாகவே கேட்கலாம். "சார், எந்த கிளாஸ்ல வருதுன்னு காட்டுங்க" என்பது எதிர்ப்பேச்சு இல்லை.

இன்னொன்று முக்கியம். குறையைச் சுட்டும் ஆடிட்டர் அதன் காரணத்தையோ தீர்வையோ சொல்லக் கூடாது. "இந்த கம்பெனி மெஷினை வாங்கிப் போடுங்க" என்றால், அவர் எல்லை தாண்டிவிட்டார் என்று அர்த்தம்.

கருத்து வேறுபாடு தீரவில்லையா? நிறைவுக் கூட்டத்தில் அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீராத வேறுபாட்டைப் பதிவு செய்து சான்றிதழ் நிறுவனத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். அடுத்தது மேல்முறையீடு. அதை விசாரிப்பவர், தணிக்கை செய்தவராகவோ முடிவு எடுத்தவராகவோ இருக்கக் கூடாது. மேல்முறையீடு செய்ததற்காகப் பழிவாங்கவும் கூடாது. அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், இந்திய தரக் கவுன்சிலின் கீழ் இயங்கும் 'என்.ஏ.பி.சி.பி.'யிடம் புகார் செய்யலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் நிறுவனம் அதனிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். மலிவா முடிச்சுத் தர்றோம்னு வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கறாரா, அநியாயமா?

இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பல மில்கள் தோற்கின்றன. பாலிஷ் போடும் டிரம்மில் என்ன சேர்க்கிறீர்கள் என்று ஆடிட்டர் பத்து முறை துருவினால் எரிச்சல் வரும்தான். ஆனால் மஞ்சளுக்குப் பளபளப்பு கொடுக்க ஈயம் கலந்த லெட் குரோமேட் சேர்ப்பது உலகம் அறிந்த மோசடி. வங்கதேச மஞ்சளில் அது கலந்திருந்ததை 2019-ல் வெளியான ஆய்வு அம்பலப்படுத்தியது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல், கொள்முதல் பில்லையும் ஆய்வக அறிக்கையையும் எடுத்து வைத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நல்லவராகத் தெரியும் ஆடிட்டரால் வந்த வினையும் உண்டு. 2011 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜென்சன் ஃபார்ம்ஸ் என்ற முலாம்பழப் பண்ணைக்கு வெளித் தணிக்கையில் 96 சதவீத மதிப்பெண் கிடைத்தது. அந்தப் பழங்களில் இருந்து பரவிய லிஸ்டீரியா கிருமியால் 33 பேர் இறந்தனர்.

தணிக்கை நாளில் என்ன செய்யணும்?

பேச ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாததை "பார்த்துச் சொல்றோம்" என்று சொல்லலாம், ஊகிக்க வேண்டாம். உடன் இருக்கும் கன்சல்டன்ட் குறுக்கே புகுந்து பேச விடாதீர்கள். பழைய தேதி போட்டுப் பதிவேடு எழுதும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது பிடிபட்டால், மேலே சொன்ன எந்த உரிமையும் காப்பாற்றாது.

பெரிய குறை என்று முடிவானால், இரண்டாம் கட்டத் தணிக்கையின் கடைசி நாளில் இருந்து 6 மாதத்துக்குள், அது சரிசெய்யப்பட்டதைச் சான்றிதழ் நிறுவனம் சரிபார்த்திருக்க வேண்டும். தவறினால் அந்த இரண்டாம் கட்டத்தை மறுபடியும் நடத்தணும். அதனால் மேல்முறையீடு ஒரு பக்கம் நடக்கட்டும். ஒத்துக்கொள்ளக்கூடிய குறைகளைச் சரிசெய்யும் வேலையை அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும்.